படுக்கையில் விழுந்த ஒருவரைப் பங்கு தாங்கிய ஒன்பது மாதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கு வடக்கே பாக் நீரிணையை ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கிறிஸ்தவச் சமூகம். ஏறக்குறைய 200 குடும்பங்கள், 9 அன்பியங்கள் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்). பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆண்கள் விசைப்படகுகளில், பிடிப்பில் ஒரு பகுதியைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் வள்ளமோ பைபர் படகோ சொந்தமாக வைத்து நண்டு வலையும் கணவாய்த் தொழிலும் பார்க்கிறவர்கள். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே விட்டுவிட்டோம்.

நோயாளிக்கு 54 வயது. சொந்தமாக ஒரு பைபர் படகு, கூட இரண்டு ஆள். மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 1,40,000 ரூபாய் நின்றது. அதனால் பிடிப்பது எதுவானாலும் அந்த வியாபாரிக்கே போட வேண்டும். மனைவி கருவாடு வாங்கி விற்பவர். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. ரத்த அழுத்த மாத்திரையை அவர் எட்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார்.

ஜனவரி இறுதியில் ஒரு நாள் விடியற்காலை, படகைத் தள்ளும்போது இடது கை விட்டுப்போனது, வாய் கோணியது. பனிவாடை அடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தார்கள். 108-ஐ அழைத்து ராமநாதபுரத்து அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறு மணி நேரம் கடந்திருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பதினோராம் நாள், இடது கையும் காலும் அசையாமல், பேச்சு குழறிய நிலையில், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

முதல் மூன்று வாரம்

ஊர் திரண்டு வந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; கடற்கரையில் ஒரு வீட்டில் துன்பம் என்றால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே நாளில் ஏழு வீட்டிலிருந்து சாப்பாடு வந்ததுண்டு. மரியாயின் சேனை என்ற பக்த சபையினர் தினமும் மாலையில் செபமாலை சொன்னார்கள். வந்தவர்கள் 100, 200, 500 என்று தலையணைக்கு அடியில் வைத்துப் போனார்கள்.

நான்காம் வாரம் கூட்டம் நின்றது. சாப்பாடு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு அதுவும் இல்லை. அன்பு வற்றிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் பாடு. யார் எப்போது வர வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படாததால், வேறு யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

கவனிக்கப்பட்டவை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரம் பங்குத்தந்தையும், ஏழைகளை வீடு தேடிச் சந்தித்து உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த இருவரும், பங்கில் இருந்த ஓய்வுபெற்ற ஒரு செவிலியரும் அந்த வீட்டில் ஒரு முழுப் பகல் இருந்து பார்த்தார்கள். பேசிவிட்டுத் திரும்பும் சந்திப்பாக இல்லாமல் காலை முதல் இரவு வரை இருந்ததால்தான் கீழே உள்ளவை தெரியவந்தன.

முதுகின் அடியில், இடுப்பெலும்புக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்த படுக்கைப்புண். பகலில் வருபவர்கள் திருப்பிப் படுக்க வைத்தார்கள். இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை அவர் ஒரே பக்கம் கிடந்தார். மனைவி களைத்துத் தூங்கிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. சிவந்த இடத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்ததும், அடியில் காற்றடித்த டியூப் வளையம் வைத்ததும் புண்ணை மோசமாக்கியிருந்தன. தேய்த்தால் நொந்த தோல் கிழியும். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும்.

இரண்டாவது, கஞ்சி. நோயாளிக்கு நல்லது என்று எல்லோரும் தண்ணீர்போலக் கஞ்சி கொண்டுவந்தார்கள். விழுங்கும் தசை பாதித்தவருக்குத் தண்ணீர்தான் மிக ஆபத்தானது. வேகமாக ஓடிக் குரல்வளைக்குள் போய்விடும். பிப்ரவரியில் அவர் நுரையீரல் சளிக்காய்ச்சலுக்காக ஐந்து நாள் மீண்டும் மருத்துவமனையில் கிடந்ததற்கு இதுவே காரணம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது, கஞ்சி கொண்டுவந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது, தோள். தூக்குவதற்கு வந்த ஆண்கள் படகு இழுத்துப் பழகிய கையால் அவருடைய இடது கையையும் அக்குளையும் பிடித்து இழுத்தார்கள். செயலிழந்த தோளில் மூட்டைப் பிடித்து வைக்கத் தசை இல்லை. தோள்மூட்டு இறங்கி, தொட்டாலே வலித்தது.

நான்காவது, பணம். மூன்று வாரத்தில் வந்தது 38,000 ரூபாய். மனைவி சேலை முந்தியில் முடிந்து வைத்து எண்ணி எண்ணிச் செலவழித்திருந்தார். ஊரில் பேச்சோ, லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று. "மைனி, நான் காசு கேட்டேனா? கணக்கு கேக்குறாக" என்று அந்தச் சபை உறுப்பினரிடம் அவர் அழுதார். எழுத்தில் இல்லாத தருமம் கடைசியில் வாங்கியவர் தலையில்தான் பழியாக விழுகிறது.

ஐந்தாவது, நோயில் பூசுதலை, அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளத்தை, அவர் பெறவே இல்லை. பங்குத்தந்தை இரண்டு முறை கேட்டும் குடும்பம் தள்ளிப்போட்டது. சாமியார் எண்ணெயோடு வந்தால் சாவு வந்துவிட்டது என்ற பழைய பயம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று சொல்லிவிட்டது. பிரசங்கத்தில் கேட்டிருந்தாலும் வீட்டுக்குள் அந்தப் பயம் மாறியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் ஒரு பொறுப்பாளர். அன்பியத் தலைவரையோ பங்குப் பேரவை உறுப்பினரையோ போடாமல், ஓய்வுபெற்ற செவிலியரைப் போட்டார்கள். பதவியில் இருப்பவருக்குத் திருவிழா, கூட்டம் என்று வேறு வேலைகள் வரும். மேலும், தவறு நடந்தால் அவரைத் திருத்தச் சிலர் தயங்குவார்கள். செவிலியர் சொன்னால் படகு முதலாளியான சம்மாட்டியும் கேட்டார், கூலிக்குப் போகிறவரும் கேட்டார்.

பிறகு வேலைப் பட்டியல். திருப்பலி முடிந்து பெயர் கேட்டதில் 26 பேர் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு நேரம்: காலை 6:30-க்கு உடல் துடைத்துத் துணி மாற்ற இரண்டு ஆண்கள், மதியம் உணவூட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் இரண்டு பெண்கள், மாலை 4 மணிக்கு உட்கார வைத்துக் கைகால் பயிற்சி, இரவு 9 மணிக்குக் கடைசி மாற்றம். யாரும் தனியாகப் போகக் கூடாது, இருவராகத்தான். வின்சென்ட் தே பவுல் சபையில் வீடு சந்திப்பதற்குத் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம் இது. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதோடு, வீட்டில் நடந்ததற்கு ஒரு சாட்சியும் இருக்கும்.

பட்டியல் போடும்போது கடல் நாளைப் பார்த்தாக வேண்டும். இந்தப் பகுதியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் வேறு வேறு நாள். விசைப்படகுக்காரர் கடலில் இருக்கும் நாளில் நாட்டுப்படகுக்காரர் வீட்டில் இருப்பார். காலை வேலைக்கு அந்த இரு பிரிவிலிருந்தும் மாற்றி மாற்றி ஆள் போட்டதால்தான் ஆண்கள் பட்டியல் ஓட்டையில்லாமல் நின்றது. கிழமையை மட்டும் பார்த்துப் போட்ட முதல் பட்டியல் ஐந்தே நாளில் சிதைந்துபோயிருந்தது.

இரவுதான் கடினம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது. இரவில் காற்று மெத்தை இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம் என்று செவிலியர் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்தார். மெத்தை 4,500 ரூபாய். கூடவே வாரத்தில் இரண்டு இரவு வேறு இரு பெண்கள் அங்கே தங்கினார்கள். அந்த இரண்டு இரவும் மனைவி பக்கத்து வீட்டில் போய்த் தூங்கினார். அந்த வீட்டுக்குச் செய்த உதவியில் இதுவே பெரியது என்பது எங்கள் கருத்து. நோயாளியைப் பார்க்க எல்லோரும் வருவார்கள், பார்த்துக்கொள்பவரைத் தூங்கவிட யாரும் வர மாட்டார்கள்.

புண்ணுக்கு: கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி உப்பு மட்டமாகப் போட்டுக் கழுவுதல், ஸ்பிரிட்டும் மஞ்சளும் வேண்டாம், செவிலியர் மட்டுமே கட்டு மாற்றுதல். பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுக்கச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் பழைய சேலை அடைத்த தலையணை வைத்துப் பாதிச் சாய்வில் விட வேண்டும். முழுச் சாய்வில் இடுப்பெலும்பின் முனை அழுந்தி அங்கே புதுப்புண் வரும்.

உணவுக்குச் சுவரில் ஓர் அட்டை ஒட்டப்பட்டது. கஞ்சி கரண்டியில் நின்று மெதுவாக வழிய வேண்டும், ஓடக் கூடாது. படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. தலையைச் சற்றே முன்னால் குனிய வைத்து, வாயின் வலது பக்கத்தில் அரைக் கரண்டி. விழுங்கியபின் ஒரு சொல் பேசச் சொல்ல வேண்டும். குரல் ஈரமாகக் கேட்டால் அடுத்த கரண்டி கிடையாது. முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே. சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரே வீட்டிலிருந்து, குடும்பத்தினர் மூவருக்கும் சேர்த்து. மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு இருந்ததால் தேர்வு நாட்களில் காலைச் சாப்பாடும் சேர்க்கப்பட்டது.

தூக்குவதற்கு இடுப்பில் இறுக்கிக் கட்டிய பழைய வேட்டியைப் பிடிக்க வேண்டும், கையை அல்ல. இதை வாயால் சொல்லிப் புரியவில்லை. காலை வேலைக்காரர்களைக் கூட்டி, அவர்களில் ஒருவரையே கட்டிலில் படுக்க வைத்துத் தூக்கிக் காட்டியபோது புரிந்தது.

பணத்துக்கு, விருப்பமுள்ள குடும்பங்கள் வாரம் 20 ரூபாய். சுமார் 120 வீடு சேர்ந்தது, வாரம் 2,400. குறிப்பேட்டில் வரவு செலவு இரண்டு பேர் கையெழுத்தோடு. மாதம் ஒருமுறை பங்கு நிதிக் குழுவின் பார்வைக்கு. ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தொகை மட்டும் வாசிக்கப்படும், யாருக்கு என்பது வாசிக்கப்படாது. வீட்டில் நேராகப் பணம் வைப்பது நிறுத்தப்பட்டது. அதற்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னது கொடுப்பவருக்கு. பொதுப் பணத்தை வைத்திருப்பவருக்கு அல்ல என்று பங்குத்தந்தை விளக்கினார்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது படகு பற்றிய முடிவு. படகைக் கரையேற்றிவிட்டுக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதா, படகைக் கடலில் வைத்திருப்பதா என்று இரண்டு கூட்டம் பேசினார்கள். வெயிலில் கிடக்கும் படகும் என்ஜினும் வலையும் ஆறு மாதத்தில் பாழாகும். நோயாளியின் மைத்துனர் பொறுப்பேற்றார். இந்த ஊர் வழக்கப்படி எண்ணெய், ஐஸ் செலவு போக மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கும். படகுப் பாதி நேராக மனைவி கைக்குப் போனது. வியாபாரியிடம் பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியினர் இருவரும் போய்ப் பேசினார்கள்: புதிய முன்பணம் கேட்க மாட்டோம், மீனும் உங்களுக்கே, ஒவ்வொரு விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கை மட்டும் கடனில் கழியுங்கள். அவர் ஒத்துக்கொண்டார்.

நோயில் பூசுதல் அந்த வாரமே நடந்தது. குடும்பத்தை இசைய வைத்தது, அதே அருளடையாளத்தைப் பெற்று எழுந்து நடமாடும் ஒரு மூதாட்டியின் பேச்சு. மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்), விழுங்க முடிந்த அளவுக்கு மிகச் சிறிய துண்டாகக் கொடுக்கப்பட்டது. அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்கு இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. நோயாளிக்கு ஒரு மணி நேர உண்ணாநோன்பும் இல்லை. இதைத் தெரியாமல் காலையிலிருந்து பட்டினி போடும் வீடுகள் இன்னும் உண்டு.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நிதி வாரம் 2,400-லிருந்து 700-க்கு இறங்கியது. டயப்பருக்கும் கட்டுப் பொருளுக்கும் மட்டுமே மாதம் 3,500 ஆகிக்கொண்டிருந்தது.

குழு வாரப்பணத்தை நிறுத்திவிட்டு நேரமாகக் கேட்டது. தடைக்காலத்தில் மீனவர் கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். விசைப்படகு ஆட்கள் ஒன்பது பேர் முறை வைத்து அந்தப் பைபர் படகில் கடலுக்குப் போனார்கள். பைபர் படகும் சேர்ந்த நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. விசைப்படகு வரத்து இல்லாததால் மீனுக்கு விலையும் கூடியிருந்தது. வேறு சிலர் கிழிந்த வலையை ஒக்கிட்டு, அதாவது பழுது பார்த்து, கொடுத்தார்கள். ஒருவர் வீட்டு வாசலில் சிமெண்ட்டில் சாய்தளம் போட்டு, பின்னாளில் நடைப்பயிற்சிக்காகக் கைப்பிடிக் கம்பியும் நட்டார். அந்த இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்த வருமானம் மார்ச்சை விட அதிகம்.

பட்டியலில் இல்லாத வீடு

ஜூன் நடுவில் மதியச் சாப்பாடு கொண்டுபோன ஒரு பெண் இன்னொரு செய்தியோடு வந்தார். ஊரின் கிழக்குக் கடைசியில், வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய வீடுகள் 20 இருக்கின்றன. அங்கே 68 வயதுக் கைம்பெண் ஒருவர், வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொடுக்கும் வேலை செய்பவர், சர்க்கரை நோயால் காலில் புண் வந்து இரண்டு மாதமாக வீட்டுக்குள் கிடந்தார். அங்கிருந்த பெண்கள் சொன்னது: "உங்க ஆளுக்குன்னா ஊரே வருது. எங்க கெழவிய எட்டிப் பாத்தியளா?"

குழுவுக்கு இது கசந்தது. ஆனால் பேச்சில் பொய் இல்லை. அன்பியப் பட்டியல் தலைக்கட்டு வரிப் பட்டியலிலிருந்து எழுதப்பட்டது. ஆண் இல்லாத வீட்டுக்கு வரி இல்லை. வரி இல்லாததால் பெயரும் இல்லை.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இதே முணுமுணுப்பு வருகிறது: அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. திருத்தூதர்கள் முணுமுணுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். பங்குத்தந்தை இதை வாசித்துக் காட்ட, கிழக்குக் கடைசியிலிருந்து இரண்டு பெண்கள் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். அதில் ஒருவர் குறிப்பேட்டில் கையெழுத்திடும் இருவரில் ஒருவரானார்.

மூதாட்டியை மறுநாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. ஏப்ரலிலேயே பார்த்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

விளைவு

படுக்கைப்புண் ஜூன் கடைசியில் மூடியது. மார்ச்சுக்குப் பிறகு சளிக்காய்ச்சல் திரும்பவில்லை. ஜூலையில் தானாக உட்கார்ந்தார். ஆகஸ்டில் நான்கு கால் ஊன்றுகோலோடு வாசல் கம்பியைப் பிடித்து இருபது அடி நடந்தார். இடது கை திரும்பவில்லை, தோள்வலி இன்னும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது, இயன்முறைப் பயிற்சியாளரும் வந்து பார்க்கிறார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஆகஸ்டில் விண்ணப்பித்தார்கள். பக்கவாதத்துக்குப் பாதிப்பு நிலைபெற்றதைப் பார்த்துத்தான் சான்று தருவார்கள் என்பதால் ஆறு மாதம் காத்திருந்தார்கள்.

மகள் தேர்ச்சி பெற்றார். மனைவி மே மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் கருவாட்டுக்குப் போகிறார். வியாபாரியின் கடன் அக்டோபரில் 1,02,000-க்கு வந்திருந்தது. 26 பேரில் 11 பேர் மிஞ்சினார்கள். விலகியவர்களில் மூன்று பேர் வெளியூர் வேலைக்குப் போனவர்கள். ஒருவர் கணக்கு வாசிப்பதில் மனத்தாங்கல் கொண்டு விலகினார், திரும்ப வரவில்லை. பதினோரு பேர் இந்தத் தேவைக்குப் போதுமாக இருந்தார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் அன்றே ஒரு முழு நாள் பார்வை நடக்க வேண்டும், ஐந்தாம் வாரத்தில் அல்ல. கஞ்சி, தோள், புண் மூன்றும் முதல் பத்து நாளிலேயே கெட்டவை.

வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணெய் தேய்க்காமல், தண்ணீர் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அன்பியக் கூட்டத்திலும் ஒருமுறை செய்துகாட்டும் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. கரையில் படகு தள்ளும் இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அன்பியக் கூட்டத்துக்கு வருவதில்லை.

ஆட்களைக் கேட்கும்போது "முடிந்தவரை" என்று கேட்கக் கூடாது. மூன்று மாதம் என்று கெடு வைத்துக் கேட்க வேண்டும். கெடு இருந்தால் முடிந்தபின் மரியாதையோடு ஓய்வெடுக்கலாம். கெடு இல்லாததால் சிலர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள், பிறகு அந்த வெட்கத்தில் அந்தத் தெரு வழியாகவே போகாமல் இருந்தார்கள்.

நிதியில், தடைக்காலத்துக்கென்று பிப்ரவரியிலிருந்தே வாரம் 400 ரூபாய் ஒதுக்கி வைக்க முடிவாகியிருக்கிறது.

அன்பியப் பட்டியல் வரிப் பட்டியலிலிருந்து பிரிக்கப்பட்டு, வீடு வீடாக நடந்து புதிதாக எழுதப்பட்டது. தனியாக இருக்கும் முதியோர், கைம்பெண்கள், படுக்கையில் இருப்போர் என்று தனிப் பக்கம். எழுதி முடித்தபோது அந்தப் பக்கத்தில் 17 பெயர்கள் இருந்தன. அதில் ஆறு பேரை இதுவரை எந்தக் குழுவும் சந்தித்ததில்லை. நவம்பர் முதல் வாரத்துக்கான பட்டியல் அந்த ஆறு வீடுகளிலிருந்து தொடங்குகிறது.